பட்டம் பெறாத பேராசான்

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் துறையின் வாயிலில் இருவகை மாணவர்களைக் காண்கிறோம். மேற்படிப்புக்கு எங்குச் செல்லலாம் என வினவ வருவோர் ஒரு வகையினர். எதுவும் வினவாமல் விடைபெற்றுச் செல்ல வருவோர் மற்றொரு வகையினர். குடும்பச் சுமையின் காரணமாகத் தந்தையின் கடைக்கோ, தோல் பதனிடும் தொழிலகத்திற்கோ, கடல் கடந்த நாடுகளுக்கோ செல்லவிருக்கும் இவர்தம் முகத்தில் வேலைக்குச் செல்கிறோம் என்னும் மகிழ்ச்சியை விட, ஏதோ ஒன்றை இழந்துவிட்டோம் என்னும் வருத்தமே மிகுந்து தோன்றுகிறது. உயர்பட்டம் பெற்றோர்க்கே சமுதாயப் பணி உரியது, எஞ்சியோர் பின்வரிசையில் அமர்ந்து கேட்பதற்கே உரியர் என்னும் எண்ணமே அவ்வருத்தத்தின் வேர் எனலாம்.

இவ்வெண்ணம் சரியானதுதானா? விடை காண விரும்புவோர்க்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை இம்மலரின் வழியே நினைவூட்ட விழைகின்றோம். அவர் எந்தப் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் மாணவராக மிதித்தவர் அல்லர். எனினும் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கல்வி அமைச்சராக ஏறத்தாழப் பத்தரை ஆண்டுகள் வீற்றிருந்தவர். அவர்தாம் மௌலானா அபுல் கலாம் ஆசாத்.

இல்லமே கல்விக்கூடம்

ஆசாத் 1888 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11 ஆம் நாள் புனித மக்கா நகரில் பிறந்தார். இயற்பெயர் முஹ்யித்தீன் அஹ்மது. தந்தையார் மௌலானா கைருத்தீன் அவர்கள் மார்க்க அறிஞர். மாணாக்கரும் அடியார்களும் சூழ வாழ்ந்த ஞானவழிப் பெரியார். ஆசாத்தின் இளமையிலேயே அக்குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது.

தந்தையாருக்கு மேலைநாட்டுக் கல்வியில் சிறிதும் நம்பிக்கையில்லை. ஆகவே மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. முதலில் தாமே கற்பித்தார். பின்னர் ஒவ்வொரு கலைக்கும் அதில் வல்ல ஆசிரியரை இல்லத்திற்கே வரவழைத்துக் கற்பிக்கச் செய்தார். அரபு, பாரசீகம், தத்துவம், கணிதம், அளவை நூல் எனப் பலவும் அடங்கிய மரபுவழிப் பாடத்திட்டத்தை ஏனையோர் இருபது வயதிற்கு மேலேயே முடிப்பது வழக்கம். ஆசாத் பதினாறு வயதிற்குள் முடித்தார். கற்றவர் தம் தேர்ச்சியைக் கற்பித்துக் காட்ட வேண்டும் என்பது அக்கால மரபு. அதன்படி ஏறத்தாழப் பதினைந்து மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்க ஏற்பாடாயிற்று. பள்ளி செல்லாத சிறுவர் பதினாறு வயதில் ஆசிரியரானார்.

இதனினும் நாம் உற்று நோக்க வேண்டியது அடுத்து நிகழ்ந்ததையே ஆகும். பாடத்திட்டம் முடிந்தவுடன் கல்வியும் முடிந்தது என அவர் எண்ணினாரல்லர். சர் சையது அகமதுகான் அவர்களின் எழுத்துகளைப் படித்தபோது, புதிய அறிவியலையும் தத்துவத்தையும் அறியாமல் இக்காலத்தில் ஒருவர் உண்மையான கல்வியாளராக இயலாது என உணர்ந்தார். அவ்வுணர்வு அவரை ஆங்கிலத்தின்பால் செலுத்தியது. அறிஞர் ஒருவரிடம் எழுத்துகளையும் தொடக்கநிலைப் பாட நூலையும் மட்டுமே கற்றார். அதன்பின் விவிலியத்தின் ஆங்கிலம், பாரசீகம், உருது ஆகிய மும்மொழிப் படிகளையும் அருகருகே விரித்து வைத்து ஒப்பிட்டுப் படித்தார். அகராதியைத் துணையாகக் கொண்டு செய்தித்தாள்களைப் படித்தார். இவ்வாறே ஆங்கில நூல்களைத் தாமே படித்தறியும் நிலையை எட்டினார்.

வழிவழி வந்த கருத்துகளை ஆராயாமல் ஏற்பதில்லை என்னும் தம் மனநிலையைக் குறிக்கவே கட்டுகளினின்று விடுபட்டவர் எனப் பொருள்படும் ஆசாத் என்னும் புனைபெயரைச் சூடினார். தந்தையாரின் வழியில் அடியார் கூட்டத்திற்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பு அவருக்கு எளிதில் கிட்டியிருக்கும். அதனையும் அவர் நாடவில்லை.

எழுதுகோலே கருவி

பட்டம் இல்லாத இளைஞர் சமுதாயத்திற்கு என் செய்ய இயலும்? ஆசாத் தம் கையிலிருந்த எழுதுகோலைக் கருவியாகக் கொண்டார். 1903 ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், லிஸானுஸ் ஸித்க் என்னும் இதழைத் தொடங்கினார். உண்மையின் நாவு என்பது அதன் பொருள். அவ்விதழைப் படித்தோர் அதன் ஆசிரியர் முதிர்ந்த அறிஞராக இருப்பார் எனக் கருதியிருந்தனர் என்றும், நேரில் கண்டபோது மீசை அரும்பாத இளைஞரைக் கண்டு வியந்தனர் என்றும் கூறுவர்.

1912 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 13 ஆம் நாள் அல்-ஹிலால் என்னும் வார இதழ் கல்கத்தாவில் வெளிவந்தது. உருது இதழ்கள் பெரும்பாலும் கல்லச்சில் வந்துகொண்டிருந்த காலத்தில் அல்-ஹிலால் அச்செழுத்துகளில், படங்களுடன், பொலிவோடு வந்தது. சமுதாயம் அச்சமின்றி நாட்டு விடுதலைப் பணியில் ஈடுபட வேண்டும் என அது முழங்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் வாரந்தோறும் 26,000 படிகள் விற்பனையாகும் நிலையை அடைந்ததாக அவருடைய தன்வரலாறு குறிப்பிடுகின்றது. ஆங்கில அரசு முதலில் 2,000 ரூபாய் பிணைத்தொகை கேட்டுப் பறிமுதல் செய்தது. பின்னர் 10,000 ரூபாய் கேட்டது. அதுவும் போயிற்று. 1914 இல் இதழ் நின்றது. அடுத்த ஆண்டே அல்-பலாக் என்னும் புதிய இதழைத் தொடங்கினார்.

ராஞ்சியில் ஒரு பள்ளி

1916 ஆம் ஆண்டு வங்க அரசு அவரை மாகாணத்தை விட்டே வெளியேற்றியது. பம்பாய், பஞ்சாப், டெல்லி, ஐக்கிய மாகாணம் ஆகியவற்றின் அரசுகள் தம் எல்லைக்குள் அவர் வருதல் கூடாது என முன்னரே தடை விதித்திருந்தன. எஞ்சியிருந்தது பீகார். எனவே அம்மாகாணத்தின் ராஞ்சி நகருக்குச் சென்றார். சில திங்களில் அங்கேயே காவலில் வைக்கப்பட்டார். 1919 ஆம் ஆண்டின் இறுதி வரை அக்காவல் நீடித்தது.

அவர்தம் நிலையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதழ் இல்லை, அச்சகத் தொழில் இல்லை, நண்பர்கள் அருகில் இல்லை, ஊரை விட்டு நகரும் உரிமை இல்லை. காவலர்கள் சோதனையிட்டு, அவர் அரிதின் முயன்று எழுதி வந்த திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படிகளையும் எடுத்துச் சென்றனர். பட்டம் இருந்தாலும் பயன்படாத இடம் அது. இத்தகைய நிலையில் ஒருவர் தம் விதியை நொந்து வாளாவிருந்தால் அவரை யாரும் குறை கூறார்.

ஆசாத் வாளாவிருக்கவில்லை. அந்நகரின் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைகளில் உரையாற்றினார். அவ்வுரைகளால் மக்கள் அவரிடம் நெருங்கினர். அம்மக்களையே துணையாகக் கொண்டு 1917 இல் அஞ்சுமன் இஸ்லாமியா என்னும் சங்கத்தையும், மதரஸா இஸ்லாமியா என்னும் கல்விக்கூடத்தையும் ராஞ்சியில் நிறுவினார். வந்த இடத்தில் என்ன குறை எனக் கண்டார். பிள்ளைகளுக்குக் கல்விக்கூடம் இல்லை என்னும் குறை கண்ணில் பட்டது. அதனைத் தீர்க்க முனைந்தார். தம் வாழ்வின் பிற்பகுதியில் அவர் தொடங்கி வைத்த நிறுவனங்கள் யாவும் அரசின் பொருளாலும் ஆணையாலும் எழுந்தவை. ராஞ்சிக் கல்விக்கூடமோ அரசால் காவலில் வைக்கப்பட்ட ஒருவர் ஊர் மக்களின் ஒத்துழைப்பால் எழுப்பியது. ஆதலின் அவர் பணிகளுள் இதனையே நாம் முதலில் வைத்துப் போற்றுகின்றோம்.

ஏறத்தாழ இதே காலத்தில் தமிழகத்திலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. 1919 இல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி தோன்றியது. அதற்குத் துணை நின்றோருள் தோல் வணிகப் பெருமக்கள் பலர். ஊரின் குறையை உணர்ந்த நெஞ்சமும், தம் ஈட்டத்தில் ஒரு பகுதியை அதற்கென ஒதுக்கும் மனமும் அவர்களுக்கு இருந்தன. நம் சமுதாயப் பெரியோர்க்கு இவ்வரலாறு புதிதன்று.

சிறையும் எழுத்தும்

விடுதலையான பின் காந்தியடிகளுடன் இணைந்து கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்களில் ஆசாத் முன்நின்றார். 1920 இல் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியா என்னும் தேசியக் கல்வி நிறுவனம் தோன்றியபோது அதனை உருவாக்கியோருள் ஒருவரானார். 1923 இல் டெல்லியில் கூடிய காங்கிரசுச் சிறப்பு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியபோது அவருக்கு வயது 34. 1940 முதல் 1946 வரை மீண்டும் அப்பேரவையின் தலைவராக விளங்கினார். காவலிலும் சிறையிலுமாக அவர் கழித்த காலம் ஏறத்தாழப் பத்தாண்டுகள்.

1942 இல் அகமது நகர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். மறு ஆண்டு அவர் துணைவியார் சுலைகா பேகம் கல்கத்தாவில் மறைந்தார். தம்மை விடுவிக்குமாறு அரசிடம் வேண்டிக்கொள்ள அவர் மனம் இசையவில்லை. இறுதியாக ஒரு முறை காணும் வாய்ப்பும் இல்லாது போயிற்று. அச்சிறையில் இருந்தபடி நண்பர் ஒருவரை முன்னிலைப்படுத்தி எழுதிய மடல்களே குபாரே காதிர் என்னும் நூலாயின. உருது உரைநடையின் சிகரங்களுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்பெறுகின்றது.

இல்லாத பட்டமும் சொல்லிய உண்மையும்

இவ்வளவு கற்ற ஒருவர் எங்கேனும் பட்டம் பெற்றிருத்தல் வேண்டும் என மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றார் எனச் சிலர் எழுதினர். அது பலராலும் நம்பப்பட்டது. பெருமை தரும் பொய்யை மறுக்காமல் விட்டுவிடுவது மனித இயல்பு. ஆசாத்தோ தம் தன்வரலாற்றில் அதனை மறுத்தார். 1908 ஆம் ஆண்டளவில் எகிப்துக்குச் சென்றபோது அந்நிறுவனத்தைப் பார்வையிட்டதையும், அக்காலத்து அதன் கல்விமுறையில் தாம் குறைகள் கண்டதையும் எடுத்துரைத்தார். அங்குத் தாம் மாணவராகப் பயிலவில்லை எனத் தெளிவுபடுத்தினார். தாம் பெறாத பட்டத்தைத் தமக்குச் சூட்டியபோது அதனைக் கழற்றி வைத்த இந்நேர்மை, பட்டம் பெற்றோரும் பெறாதோரும் ஒருங்கே கற்க வேண்டிய பாடமாகும்.

பிறர்க்குத் திறந்த வாயில்கள்

1947 முதல் 1958 இல் மறையும் வரை ஆசாத் கல்வித்துறையை ஏற்றிருந்தார். பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வேண்டும் என வற்புறுத்தினார். தம்மிடம் இல்லாத சிறப்பறிவு பிறரிடம் இருப்பதை மதித்து, அவர்களை அழைத்துப் பொறுப்பளித்தார். பல்கலைக்கழகக் கல்வியை ஆராய 1948 இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையம் அமைந்தது. உயர்நிலைக் கல்வியை ஆராய 1952 இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. இவ்விரு பேரறிஞர்களின் தகுதியைப் பட்டம் பெறாத ஓர் அமைச்சர் நாட்டிற்குப் பயன்படுத்திக் கொண்டார்.

1951 இல் கரக்பூரில் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தைத் தொடங்கி வைத்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் விடுதலை வீரர்களை அடைத்து வைத்திருந்த இஜ்லி காவல் முகாமின் கட்டடத்திலேயே அக்கழகம் தொடங்கியது. காவலில் இருந்தபோது பள்ளி கண்டவர், காவல் முகாமைக் கல்விக் கழகமாகக் கண்டு மகிழ்ந்திருப்பார் என நாம் எண்ணலாம். சங்கீத நாடக அகாதமி, சாகித்திய அகாதமி, லலித் கலா அகாதமி ஆகிய மூன்றும் 1953, 1954 ஆம் ஆண்டுகளில் அவர் காலத்தில் தோன்றியவையே.

1953 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 28 ஆம் நாள் பல்கலைக்கழக மானியக் குழுவை அவர் தொடங்கி வைத்தார். 1956 இல் அக்குழுவுக்கெனத் தனிச் சட்டம் நிறைவேறியது. பட்டம் வழங்கும் உரிமை எவர்க்கு உண்டு, எவர்க்கு இல்லை என வரையறுப்பதும் அச்சட்டமே. ஆக, இந்நாட்டில் பட்டங்களின் மதிப்பைக் காக்கும் சட்டம், எப்பட்டமும் பெறாத ஒருவர் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் உருவாயிற்று. தமக்குக் கிட்டாத ஒன்றைச் சிறியோர் இகழ்வர். ஆசாத் தமக்குக் கிட்டாததைப் பிறர்க்குக் கிட்டச் செய்தார்.

1958 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 22 ஆம் நாள் அவர் மறைந்தார். டெல்லி ஜும்ஆ பள்ளிவாசலுக்கு அருகில் அடக்கம் செய்யப்பெற்றார். 1992 இல் பாரத ரத்னா விருது அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. அவர் பிறந்த நவம்பர் 11 ஆம் நாள் 2008 முதல் தேசியக் கல்வி நாளாகக் கொண்டாடப்படுகின்றது.

நாம் கொள்ள வேண்டியது

பட்டம் வேண்டுவதில்லை என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. மருத்துவம் செய்ய மருத்துவப் பட்டம் வேண்டும். பாலம் கட்டப் பொறியியல் பட்டம் வேண்டும். கற்கும் வாய்ப்புடையோர் எத்துணை உயரம் செல்ல இயலுமோ அத்துணை உயரம் செல்லுதல் கடமை. ஆயின் ஊரில் செய்ய வேண்டியவை மருத்துவமும் பாலமும் மட்டும் அல்ல. அண்டை வீட்டு மூதாட்டிக்கு வங்கிப் படிவம் நிரப்பித் தர வேண்டும். மாலையில் மஹல்லாச் சிறுவர் பத்துப் பேரை அமர்த்திப் பாடம் சொல்ல வேண்டும். பூட்டிக் கிடக்கும் படிப்பகத்தைத் திறந்து நாளிதழ்களை அடுக்கி வைக்க வேண்டும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வழி தெரியாத மாணவிக்கு வழி காட்ட வேண்டும். இவற்றுக்கெல்லாம் தனிப்பட்டம் எதுவும் வழங்கப்படுவதில்லை. வேண்டுவது கண்ணும் மனமும் சிறிது நேரமுமே.

எனவே, வாயிலில் வந்து வருத்தத்துடன் விடைபெறும் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. நீங்கள் செல்லும் ஊரும் தொழிலும் உங்கள் விருப்பத்திற்கு மாறானவையாக இருக்கலாம். ராஞ்சியும் ஆசாத் விரும்பிச் சென்ற ஊர் அன்று. சென்ற இடத்தில் என்ன குறை உள்ளது என முதலில் பாருங்கள், படிப்பதை விட்டுவிடாதீர்கள், உங்களினும் கற்றோரை மதித்துத் துணைக்கு அழையுங்கள். நம் சமுதாயப் பெரியோரும் இத்தகைய இளைஞர்களைப் பட்டம் பார்த்து ஒதுக்காமல் ஊர்ப் பணிகளில் பங்களித்து ஊக்குவிப்பார்களாக.