சந்தை விழும்னு மூணு வருஷமா சொன்ன மனுஷன்!

உங்க போன்ல ஒரு டிரேடிங் ஆப் இருக்கு. திறந்தா தினமும் பச்சை. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் லாபத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறாங்க. அந்த நேரத்துல ஒருத்தர் வந்து, இது விழப்போகுது, ஜாக்கிரதைன்னு சொல்றார். விழலை. அடுத்த வருஷமும் வந்து அதையே சொல்றார். அப்பவும் விழலை. மூணாவது வருஷமும் வர்றார். என்ன செய்வீங்க? மியூட் பண்ணிடுவீங்கதானே?

அமெரிக்காவும் கிட்டத்தட்ட அதைத்தான் செஞ்சது. அந்த மனுஷன் பேரு ரோஜர் பாப்சன். முதலீட்டு ஆலோசகர், பொருளாதாரப் பேச்சாளர், பத்திரிகைப் பத்தியாளர். இன்னைக்கு அவரைப் பத்தித் தேடினா, 1929 வீழ்ச்சியை முன்கூட்டியே சொன்ன தீர்க்கதரிசின்னுதான் வரும். அது முழு உண்மை இல்லை. முழுக் கதை அதைவிட சுவாரஸ்யமானது.

1875-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மீன்பிடி ஊரான குளோஸ்டரில் பிறந்தவர் பாப்சன். 1898-ல் எம்.ஐ.டி-யில் பொறியியல் முடித்தார் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி இல்லைங்க, அமெரிக்காவில் இருக்கிறது). ஆனா பாலம் கட்டப் போகாம, கடன் பத்திரம் விற்கும் தொழிலுக்குப் போனார். மூணு வருஷத்துக்குள்ள காசநோய். அதுக்கு மருந்தே இல்லாத காலம் அது. சுத்தமான காற்று, ஓய்வு, அதுக்கு மேல அதிர்ஷ்டம். டாக்டர்கள் மேற்கே போகச் சொன்னாங்க. அவரோ பாஸ்டன் பக்கத்திலேயே வெல்லஸ்லி ஹில்ஸில் வீடு பார்த்து, ஜன்னல்களைத் திறந்து வெச்சு உட்கார்ந்துட்டார்.

அங்க பனிக்காலம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பாப்சன் முதுகுப் பக்கம் மின்சார ஹீட்டிங் பேட் வெச்ச கோட்டைப் போட்டுக்கிட்டு வேலை பார்த்தார். அவருடைய செக்ரட்டரி பாவம்! கம்பளிக் கையுறையைக் கழட்ட முடியாது, கையுறையோட டைப் அடிக்கவும் முடியாது. கடைசியில் சின்ன ரப்பர் சுத்தியலால் டைப்ரைட்டர் விசைகளைத் தட்டினாராம். முதலாளி பிழைச்சுக்கிட்டார். 91 வயசு வரைக்கும் வாழ்ந்தார்.

நோயால வீட்டோட முடங்கினதுதான் அவர் தொழிலுக்கே விதை. வெளியே அலைஞ்சு பத்திரம் விற்க முடியாது. உட்கார்ந்த இடத்திலிருந்து என்ன செய்யலாம்? அந்தக் காலத்தில் ஒவ்வொரு வங்கியும், ஒவ்வொரு பத்திர நிறுவனமும் தனித்தனியா ஆள் வெச்சு, அதே கம்பெனிகளோட அதே கணக்குகளைச் சேகரிச்சுக்கிட்டு இருந்தது. ஒரே வேலையைப் பத்துப் பேர் செய்றதுக்கு, நான் ஒருத்தனே செஞ்சு பத்துப் பேருக்கும் வித்தா என்னன்னு யோசிச்சார். 1904-ல், 1,200 டாலர் முதலோட, மனைவி கிரேஸ் துணையோட ஒரு புள்ளிவிவர நிறுவனம் ஆரம்பிச்சார். நீங்க இன்னைக்கு காசு கட்டி வாங்குற மார்க்கெட் டேட்டா சப்ஸ்கிரிப்ஷனுக்கு அது ஒரு கொள்ளுத் தாத்தா.

1907-ல் அமெரிக்க வங்கிகளில் பெரும் பீதி ஏற்பட்டது. மக்களுக்கு வெறும் கணக்கு போதலை, நாளைக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க ஆசைப்பட்டாங்க. பாப்சன் கணிப்பு சொல்ல ஆரம்பிச்சது அதுக்குப் பிறகுதான். அவர் பிடிச்ச பிடி, நியூட்டனின் மூன்றாம் விதி! ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்களே, அதேதான். நாட்டின் இயல்பான வளர்ச்சிக்கு ஒரு கோடு போடுவார். வியாபாரம் அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு பொங்கியதோ, அதே அளவு பின்னாடி கீழே இறங்கியாகணும். இதுதான் பாப்சன் சார்ட். ஆப்பிள் விழுற விதி ஷேர் விலைக்கும் பொருந்தணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனா அந்த நம்பிக்கை அவருக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்தது. எல்லாரும் குதிக்கும்போது, இவர் மட்டும் கீழே எவ்வளவு பள்ளம் பாக்கி இருக்குன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருப்பார்.

1920-களில் குதிக்கக் காரணம் நிறைய இருந்தது. கார், ரேடியோ, எல்லாத்துக்கும் மேல கடன். கையில் பத்து இருபது டாலர் இருந்தா, மீதியை புரோக்கரிடம் கடன் வாங்கி நூறு டாலருக்கு ஷேர் வாங்கலாம். விலை ஏறுற வரைக்கும் சொர்க்கம். இறங்கினா, கடன் கொடுத்தவர் உங்களைக் கேட்காமலே வித்துடுவார்.

பாப்சன் வருஷாவருஷம் வெல்லஸ்லியில் ஒரு வணிக மாநாடு நடத்துவார். 1927-லேயே எச்சரிச்சார். அப்போ டவ் ஜோன்ஸ் குறியீடு 200-க்குக் கீழே இருந்தது. 1928-ல் திரும்பவும் சொன்னார். குறியீடு ஏறிக்கிட்டே போச்சு. 1929 செப்டம்பர் 3-ம் தேதி 381-ஐத் தொட்டது.

ரெண்டு நாள் கழிச்சு, செப்டம்பர் 5. அதே மாநாடு, அதே மேடை. போன வருஷமும் அதுக்கு முந்தின வருஷமும் சொன்னதையே திரும்பச் சொல்றேன், சீக்கிரமோ தாமதமோ ஒரு வீழ்ச்சி வரும், குறியீடு 60 முதல் 80 புள்ளி இறங்கும், ஆலைகள் மூடப்படும், ஆட்கள் வேலை இழப்பாங்கன்னு பேசினார். செய்தி மதியம் நியூயார்க்கைத் தொட்டது. கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லாரும் விற்க ஓடினாங்க. அன்னைக்கு சந்தை சுமார் 3 சதவிகிதம் சரிஞ்சது. அதுக்கு பாப்சன் பிரேக்னே பேரு வெச்சாங்க.

பதில் சொல்ல வந்தவர் சாதாரண ஆள் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் இர்விங் ஃபிஷர், அந்நாட்டின் மிகப் பெரிய பொருளாதார மேதைகளில் ஒருத்தர். விலை கொஞ்சம் இறங்கலாம், ஆனா வீழ்ச்சின்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் வராதுன்னுட்டார். அக்டோபர் நடுவில், ஷேர் விலைகள் இனி நிரந்தரமா உயரத்திலேயே இருக்கும்னும் சொன்னார். இவரும் காசநோயிலிருந்து மீண்டவர், இவரும் சுத்தமான காற்றுக்குப் பிரசாரம் செஞ்சவர். ஃபிஷர் ஊருக்கு மட்டும் சொல்லலை, தன் சொத்தையும் அதே சந்தையில்தான் வெச்சிருந்தார். எல்லாம் போச்சு. கடைசியில் அவர் குடியிருந்த வீட்டையே யேல் வாங்கி, அவருக்கு வாடகைக்கு விட வேண்டியதாச்சு.

அக்டோபர் 28, 29 ரெண்டே நாளில் சந்தை சுமார் கால் பங்கு கரைஞ்சது. நவம்பர் 13-ல் குறியீடு 198. இப்போ அந்த 1927-க்குத் திரும்பிப் போங்க. பாப்சன் பேச்சைக் கேட்டு அன்னைக்கே வித்துட்டு வெளியே வந்த ஒருத்தரை நினைச்சுக்கங்க. ரெண்டு வருஷம் அவர் பார்க்க, அவர் வித்த ஷேர் ஏறிக்கிட்டே போகுது. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்குறார். வீட்டில் என்னென்ன கேட்டிருப்பாங்க! கடைசியில் பத்தே வாரத்தில் அந்த ஏற்றம் முழுக்க அழிஞ்சு, விலை அவர் வித்த இடத்துக்கே வந்து நிக்குது. காசுக்கணக்கில் அவர் பெருசா எதையும் இழக்கலை. ஆனா அந்த ரெண்டு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தாரே, அது எத்தனை பேரால முடியும்?

இன்னொரு விஷயத்தை யாரும் அதிகம் பேசுறதில்லை. பாப்சனும் அளவில் தப்பினார். 80 புள்ளி எங்கே, நடந்தது எங்கே! 1932 ஜூலையில் குறியீடு 41. மறுபடி 1929 உயரத்தைத் தொட 1954 வரைக்கும் ஆச்சு. எப்போ விழும்னு அவருக்குத் தெரியலை, எவ்வளவு விழும்னும் தெரியலை. விழும்னு மட்டும் தெரிஞ்சது. அதைக் கேலிக்கு நடுவிலே மூணு வருஷம் திரும்பத் திரும்பச் சொன்னதுக்கே அவருக்கு ஒரு சல்யூட் வைக்கலாம்.

அதுக்குப் பிறகான வாழ்க்கை இன்னும் விசித்திரம். மதுவிலக்குக் கட்சி சார்பா 1940-ல் ஜனாதிபதி தேர்தலில் நின்னு, சுமார் 58,000 ஓட்டோட நாலாவதா வந்தார். சின்ன வயசில் உடன்பிறந்த சகோதரியை ஆற்றில் பறிகொடுத்தவர். 1947-ல் பேரனும் தண்ணீரில் மூழ்கி இறந்தான். ரெண்டு பேரையும் கீழே இழுத்தது புவியீர்ப்புதான்னு அதன்மேலேயே கோபம் வந்துடுச்சு மனுஷனுக்கு. புவியீர்ப்பை அடக்க வழி தேடி 1948-ல் ஒரு ஆராய்ச்சி அமைப்பே தொடங்கினார். விஞ்ஞானிகள் சிரிச்சாங்க. ஆனா அது நடத்தும் கட்டுரைப் போட்டியில் 1971-ல் பரிசு வாங்கினவர் ஸ்டீஃபன் ஹாக்கிங்! 1919-ல் அவர் தன் வீட்டிலேயே ஆரம்பிச்ச வணிகப் பள்ளிதான் இன்றைய பாப்சன் கல்லூரி.

சொந்த ஊர் குளோஸ்டருக்கு மேலே டாக்டவுன்னு ஒரு கைவிடப்பட்ட கிராமம் உண்டு. மந்தநிலைக் காலத்தில், வேலை இழந்த ஃபின்லாந்து வம்சாவளிக் கல்தச்சர்களை அங்க அனுப்பி, இரண்டு டஜன் பாறைகளில் அறிவுரை செதுக்க வெச்சார் பாப்சன். அம்மாவுக்கு உதவச் சொல்லுது ஒரு பாறை. கடன்ல மாட்டாம இருக்கச் சொல்லுது இன்னொண்ணு. வேலை தேடிக்கச் சொல்ற பாறையும் உண்டு. அதைச் செதுக்கினவரே வேலை போனவர்தான். நல்ல பாறைகளைக் கெடுத்துக் குடும்ப மானத்தை வாங்குறாருன்னு வீட்டில் முணுமுணுத்தாங்க. அதையும் அவர் காதில் போட்டுக்கலை.