தங்கவயலுக்குச் சென்ற காவிரி

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து காரைக்காலைக் கடந்து நரிமணம் பக்கம் செல்லும்போதெல்லாம், வயல்களுக்கு நடுவே கம்பிவேலிக்குள் நிற்கும் எண்ணெய்க் கிணறுகளைக் கவனிப்பது என் வழக்கம். வால்வுகளை அடுக்கிய ஓர் இரும்புத் தூண், ஒரு குழாய், ஓர் எச்சரிக்கைப் பலகை. ஆள் அரவமே இராது. சுரங்கத் தொழில் முழுவதும் இத்திசையில்தான் நகர்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இரும்புத் தாது ஏற்றிய ராட்சத லாரிகள் ஓட்டுநர் இன்றி ஓடுகின்றன. அவற்றைக் கண்காணிப்போர் ஏறத்தாழ 1,500 கி.மீ. தொலைவில், பெர்த் நகரில் அமர்ந்திருக்கிறார்கள்.

தொலைவிலிருந்து சுரங்கத்தை இயக்கும் இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. இதை எண்ணும்போது என் நினைவில் எழுபவர் மைசூர் திவான் சர் கு. சேஷாத்ரி ஐயர்.

1845-இல் பாலக்காட்டுக்கு அருகே குமாரபுரத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற 1868-ஆம் ஆண்டிலேயே, ரங்காசார்லுவின் அழைப்பை ஏற்று மைசூர் அரசுப் பணிக்குச் சென்றார். ரங்காசார்லு மறைந்தபோது, 1883-இல், திவான் பதவி அவரிடம் வந்தது. பதினெட்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். ரயில் பாதைகள், மாரிக்கணவே அணை, 1894-இல் நிலவியல் துறை என்று அவர் தொடங்கிய பணிகளின் பட்டியல் நீளமானது. காவிரிப் பாசனம் பற்றிச் சென்னை மாகாணத்துடன் மைசூர் செய்துகொண்ட 1892 ஒப்பந்தமும் அவர் காலத்ததே. டெல்டாக்காரர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

ஆயினும் அவருடைய துணிச்சலான முடிவு சிவசமுத்திரம்தான். கோலார் தங்கவயலை நடத்திய ஜான் டெய்லர் நிறுவனம், நீராவி எந்திரங்களுக்காக விறகையும் நிலக்கரியையும் எரித்துக்கொண்டிருந்தது. அருவியில் வீழும் காவிரியைக் கொண்டு மின்சாரம் எடுத்து, 92 மைல் கம்பியில் சுரங்கத்துக்கு அனுப்பலாம் என்ற திட்டம் வந்தது. அத்தனை தொலைவுக்கு மின்சாரம் கொண்டுசெல்வது அன்று உலகிலேயே அரிது. ஐயுற்றோர் பலர். திவான் தயங்கவில்லை. பொறியாளர் டி லாட்பினியரை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பி, எந்திரங்களுக்கு ஏற்பாடு செய்தார். உடல்நலம் குன்றி 1901-இல் ஓய்வுபெற்றவர், அவ்வாண்டு செப்டம்பரில் காலமானார். 1902 ஜூனில் மின்சாரம் தங்கவயலை எட்டியபோது அதைக் காண அவர் இல்லை.

கொதிகலன்களுக்கு விறகு தள்ளியவர்களின் வேலை மெல்ல மறைந்தது. ஆனால் மொத்தத்தில் ஆட்கள் குறையவில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர், ஆயிரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மின்விசை சுரங்கத்தை மேலும் ஆழமாக்கியது. சாம்பியன் ரீஃப் பின்னாளில் மூன்று கிலோமீட்டரையும் தாண்டியது. ஆழம் கூடக்கூட வெப்பம் கூடியது. அழுத்தம் தாங்காமல் பாறைகள் வெடித்துச் சரிந்தன. காற்றழுத்தத் துளைப்பான் கையுளியைவிட விரைவாகப் பாறையைக் குடைந்தது. கையுளி கிளப்பாத அளவு நுண்ணிய தூசியையும் அதுவே கிளப்பியது. சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோய் தங்கவயல் லைன்களில் வீட்டுச் சொல்லானது. எந்திரம் அவர்களை வேலையிலிருந்து நீக்கவில்லை, மேலும் கீழே அனுப்பியது. மின்விளக்கோ அதிகாரிகளின் பங்களாக்களை அடைந்த வேகத்தில் தொழிலாளரின் தட்டி வீடுகளை அடையவில்லை.

இக்கதையின் மறுமுனை எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கிறது என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன். கோடையில் காவிரியில் நீர் குறையும். சுரங்க எந்திரங்கள் கோடையிலும் நிற்கக் கூடாது. ஆண்டு முழுவதும் சிவசமுத்திரத்துக்குச் சீரான நீர் வேண்டும் என்ற தேவை, 1911-இல் கண்ணம்பாடி அணை தொடங்கப்பட்டதன் காரணங்களுள் ஒன்று. அந்த அணையின் உயரம் குறித்து எழுந்த வழக்காடலின் முடிவுதான் 1924 ஒப்பந்தம். அதன்பின் நடந்தது அனைவருக்கும் தெரியும். நடுவர் மன்றம் 2007-இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி.; 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. காரைக்காலின் கடைமடை உழவர், அந்த நீரும் உரிய காலத்தில் வருமா என்று ஆனி மாதம் தோறும் வாய்க்காலைப் பார்த்து நிற்கிறார். தங்கவயலுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று எவரும் அவரிடம் சொன்னதில்லை.

சேஷாத்ரி ஐயரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. தொழில்நுட்பத்தின் கைப்பிள்ளையாக இராமல், அதற்குப் பேரம் பேசி, விலை நிர்ணயித்து, அரசுக்கு வருவாய் ஈட்டிய ஓர் இந்திய நிர்வாகியை அக்காலத்தில் காண்பது கடினம். பெங்களூரு கப்பன் பூங்காவில் அவருக்குச் சிலை வைத்ததில் தவறில்லை. ஆனால் எத்தனை குதிரைத்திறன், என்ன விலை என்று எழுதிய அதே ஒப்பந்தத்தில், துளைப்பான் பிடிப்பவனின் மூச்சுக்கும் ஒரு பத்தி இருந்திருக்கலாம். இன்று ஓட்டுநரற்ற லாரிகளுக்கும் தானியங்கித் துளைப்பான்களுக்கும் உரிமம் வழங்கும் அரசுகள், எத்தனை பேர் வேலை இழப்பார்கள் என்பதை மட்டுமே கேட்கின்றன. சில வேளைகளில் அதையும் கேட்பதில்லை. எஞ்சியிருப்பவர் எங்கே அனுப்பப்படுகிறார், எந்திரத்துக்கான தண்ணீர் எவர் வயலிலிருந்து வருகிறது என்ற கேள்விகள் இன்னும் விண்ணப்பப் படிவத்தில் ஏறவில்லை.

கோலார் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கிறார்கள். சிவசமுத்திரத்தில் சக்கரங்கள் இன்றும் சுழல்கின்றன.