கோபாலகிருஷ்ண கோகலேயும் சபைப் பண்பும்

பொதுச்சபைகளிலே பேசப் புகுவோருட் பலர் எதிர்க்கட்சியாரை இழித்துரைத்தலே வீரமென்றும், இனிது பேசுதல் கோழைமையென்றும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் மாணவருள்ளத்தில் வேரூன்றாவண்ணம் காத்தல் ஆசிரியர்களாகிய நமது கடமையாம். ஆதலின், ஆசிரியராயிருந்து பின்னர் அரசியலிற் புகுந்து, ஈரிடத்தும் ஒரே பண்புடன் ஒழுகிய கோபாலகிருஷ்ண கோகலே அவர்களது சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

கோகலே அவர்கள் 1866ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி, பம்பாய் மாகாணத்து இரத்தினகிரிப் பகுதியிலுள்ள கொத்லுக் என்னுங் கிராமத்திலே வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். இளமையிலே தந்தையார் இறந்துவிட, தமையனார் தமது படிப்பை விடுத்து உத்தியோகத்தமர்ந்து தம்பியாரைக் கற்பித்தார். 1884இல் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பட்டம் பெற்ற கோகலே, பெரும்பொருள் தருந் தொழில்களை நாடாது, பூனாவிலே தக்காணக் கல்விச் சங்கத்தைச் சார்ந்து, சொற்ப வேதனத்துக்கு ஆசிரியத் தொழில் புரிந்தார். பெர்கூசன் கல்லூரியிலே 1902 வரையுங் கற்பித்தார். நீதிபதி இரானடே அவர்களைக் குருவாகக் கொண்டு, அரசாங்க அறிக்கைகளை நுணுகி ஆராய்ந்து, இலக்கங்களைச் சரிபார்த்த பின்னரே எழுதும் பயிற்சியும் பெற்றார்.

1897இல், இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த விசாரணைச் சபையின் முன் சாட்சி கூறுதற்கு அவர் இங்கிலாந்து சென்றார். அக்காலத்தே பூனாவிற் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய்தடுக்க வந்த படைவீரர்கள் பெண்களுக்குக் கொடுமை இழைத்தனரென நண்பர் சிலர் கடிதம் எழுத, அவர் அதனை நம்பி ஆங்காங்கே வெளியிட்டார். தாய்நாடு திரும்பியபோதோ அச்செய்தியை நிறுவுதற்குச் சான்று கிடைத்திலது. எழுதியோர் பெயரைக் காட்டித் தாம் தப்பிக்கொள்ள அவர் விரும்பினாரல்லர். தேசாதிபதியிடத்தும் படைவீரரிடத்தும் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தந்நாட்டவர் பலர் அவரைக் கோழையென இகழ்ந்தனர். ஆயினும், நிறுவமுடியாத குற்றத்தை ஆள்வோர் மீதாயினுஞ் சுமத்தலாகாதென்பதில் அவர் உறுதியாய் நின்றார். பின்னாளில் அவர் கூறிய இலக்கங்களுக்கு மதிப்பு உண்டானதற்கு இத்தூய்மையும் ஒரு காரணமென்பது நம் கருத்து.

1902ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, இராசப்பிரதிநிதியின் சட்டநிரூபண சபையில் வரவுசெலவு பற்றி அவர் தமது முதற் பேச்சை நிகழ்த்தினார். பஞ்சத்தால் மக்கள் வருந்துங் காலத்திலே அரசாங்கத்துக்கு மிச்சப்பணம் சேருதல், வரி மிகையென்பதற்கு அடையாளமேயன்றிச் செழிப்புக்கு அடையாளமன்று என அரசாங்கத்தின் கணக்குகளைக் கொண்டே காட்டினார். ஏழையையும் வருத்தும் உப்புவரியைக் குறைக்குமாறு ஆண்டுதோறும் வற்புறுத்தினார். மணங்கொன்றுக்கு 2 ரூபாய் 8 அணாவாயிருந்த அவ்வரி 1903 முதற் படிப்படியாய்க் குறைந்து, 1907இல் ஒரு ரூபாயாயிற்று.

பண்புடைமை அவரது கண்டனத்தின் கூர்மையை மழுக்கவில்லை. 1905இல் காசியிற் கூடிய காங்கிரசு மகாசபைக்குத் தலைமை வகித்தபோது, வங்காளத்தைப் பிரித்த கர்சன் பிரபுவின் அறிவாற்றலையும் உழைப்பையும் மெச்சியுரைத்தார். அதே பேச்சிலே அவரது ஆட்சிமுறையை ஔரங்கசீப்பின் ஆட்சியோடு ஒப்பிடவுஞ் செய்தார். எதிரியின் நன்மையை ஒப்புக்கொண்டவன் வாயிலிருந்து வருங் கண்டனத்தை எவர் எளிதிற் புறக்கணிக்க வல்லார்?

இதற்கு மாறான காட்சியை 1907ஆம் ஆண்டு சூரத்து நகரம் கண்டது. மிதவாதிகளும் தீவிரவாதிகளும் மாறுபட்டு நின்ற காங்கிரசு மகாசபையிலே சப்பாத்து வீசப்பட்டது, நாற்காலிகள் பறந்தன, சபை கலைந்தது. இருதிறத்தாரும் தேசாபிமானிகளே. ஆயினும், அவர்கள் மீண்டும் ஒரு சபையிற் கூடுதற்கு ஆண்டுகள் பல கழிந்தன.

1911ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16ஆந் திகதி, ஆரம்பக் கல்வி மசோதாவைக் கோகலே சபையிற் கொணர்ந்தார். நகரசபை முதலிய தலச்சபைகள் விரும்பின், அரசாங்க உத்தரவு பெற்று, 6 முதல் 10 வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கலாம் என்பதே அதன் சாரம். பெண்பிள்ளைகளுக்கு அதனைப் பின்னர் விரித்தற்கும் இடம் வைத்தார். மறு ஆண்டில் 13 பேர் சார்பாகவும் 38 பேர் எதிராகவும் வாக்களிக்க, மசோதா தோற்றது. தோல்வி வருமென்பதை அவர் முன்னரே அறிவார். அறிந்திருந்தும், எதிர்த்தோரின் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்து விடையிறுத்தாரேயன்றி, எவரையும் வைதாரில்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் யாவர்க்கும் கல்வியை உரிமையாக்குஞ் சட்டம் இந்தியாவில் 2009இலேதான் நிறைவேறிற்று. பண்பு அன்று அவருக்கு வாக்குகளை ஈட்டித் தந்திலது என்பதை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும், அவரது வாதம் வசையோடு கலவாமையால், தோல்விக்குப் பின்னும் அது வாதமாகவே நிலைத்தது.

1905இல் அவர் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்திலே, சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்தர பாடசாலைத் தலைமையாசிரியராயிருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரும் 1907இற் சேர்ந்தார். கோகலே 1915ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 19ஆந் திகதி, தமது 48ஆம் வயதிலே காலமாயினார். சாஸ்திரியாரே அவருக்குப்பின் அச்சங்கத்துக்குத் தலைவரானார். அரசியலில் அவரோடு நெடுங்காலம் மாறுபட்டு நின்ற பாலகங்காதர திலகர், மயானத்துக்கு வந்து, கூடிநின்ற மக்களுக்கு அவரது வாழ்வைப் பின்பற்றத்தக்கதென எடுத்துரைத்தார்.

மாறுபட்டோரும் ஒருவர்க்கொருவர் முகங்கொடுத்து நிற்றற்கு வழிவைப்பதே சபைப் பண்பாம். அது வீரத்துக்குப் பகையன்று. ஆசிரியர்காள்! விவாத சங்கத்திலே மாணவனொருவன் எதிர்த்தரப்பை மறுக்க எழும்போது, அத்தரப்பார் கூறியதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி முதலிற் சொல்லுமாறு பணியுங்கள். அதன் பின்னர் அவன் எத்துணைக் கடுமையாக மறுப்பினும் தீங்கில்லை.