வீட்டைக் கொடுத்த வள்ளல்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் கோட்டையூர். அந்தத் தெருக்களில் நடந்தால் காணக் கண் கோடி வேண்டும். ஒரு தெருவில் வீட்டு வாசல். அடுத்த தெருவில் அதன் கொல்லைப்புறம். அவ்வளவு நீளம்! தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. தரையில் இத்தாலிச் சலவைக்கல். முட்டை வெண்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சில் சுவர்கள் கண்ணாடிபோல் மின்னும்.

கடல் கடந்து பர்மா, மலாயா, இலங்கை சென்று தொழில் செய்த நகரத்தார் கட்டியவை இவை. 1942-ல் பர்மாவில் ஜப்பான் படை புகுந்தது. பலர் சொத்தை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். வீடு நின்றது, வருமானமும் நின்றது.

இந்த ஊரில் 1909 ஏப்ரல் 6-ந் தேதி பிறந்தவர் அழகப்பச் செட்டியார்.

பாரிஸ்டர்

சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. படித்தார். லண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். விமானம் ஓட்டவும் கற்றார். கொச்சிச் சீமையில் நெசவாலை தொடங்கினார். செல்வம் குவிந்தது. அதைக் கொண்டு இன்னொரு மாளிகை எழுப்ப அவர் எண்ணவில்லை.

கூட்டத்தில் கொடுத்த வாக்கு

1947-ல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா நடந்தது. கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அழகப்பர் அங்கேயே எழுந்தார். காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்களித்தார். அந்த ஆகஸ்டு மாதமே கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது!

பெண்கள் கல்லூரிக்கு இடம் தேவைப்பட்டது. கோட்டையூரில் இருந்த தம் சொந்த வீட்டையே கொடுத்துவிட்டார்!

மின்வேதியியல் ஆய்வுக்கூடம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25-ந் தேதி பிரதமர் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953-ல் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது.

ஒரு நாள் குறை

கடைசி ஆண்டுகளில் கொடிய நோய் அவரை வாட்டியது. உடல் தளர்ந்தது, கொடுத்த கை தளரவில்லை. 1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1957 ஏப்ரல் 5-ந் தேதி காலமானார். இன்னும் ஒரே நாள் இருந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும்.

1985 வரை விருதுநகரும் காரைக்குடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. அந்த ஆண்டில் மாவட்டம் பிரிந்தது. அதே ஆண்டில் காரைக்குடியில் அழகப்பர் பெயரால் பல்கலைக்கழகம் பிறந்தது.

செட்டிநாட்டு மாளிகைகள் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும்தான் கதவு திறக்கிறது. அழகப்பர் திறந்த கதவு வழியாக மாணவர்கள் தினமும் உள்ளே போகிறார்கள்.