தைராக்சின் கண்ட கெண்டல்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு மாத்திரைப் புட்டி எப்போதும் இருக்கும். அம்மா விடியற்காலையில் எழுந்து வெறும் வயிற்றில் அதிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்குவார். அம்மாத்திரையில் உள்ள தைராக்சினை முதன்முதலில் தூய படிகமாகப் பிரித்தெடுத்தவர் எட்வர்ட் கால்வின் கெண்டல் ஆவார்.

கெண்டல் 1886 மார்ச் 8 அன்று அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் சவுத் நார்வாக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் பல் மருத்துவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று 1910 இல் முனைவர் பட்டம் பெற்றார். டெட்ராய்ட் நகரில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்தபோது, தைராய்டுச் சுரப்பியின் சத்தைத் தனியே பிரிக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. கம்பெனியை விரைவில் விட்டார், பணியை விடவில்லை. நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையிலும், 1914 முதல் மின்னசோட்டாவின் மேயோ மருத்துவ நிலையத்திலும் அதையே தொடர்ந்தார்.

இதற்கு முன்பே, 1891 இல், இங்கிலாந்தில் மரே என்னும் மருத்துவர் ஆட்டுத் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, உடல் வீங்கிச் சோர்ந்து கிடந்த ஒரு பெண்மணியைத் தேற்றியிருந்தார். ஆனால் ஒரு சாற்றின் வீரியம் மற்றொன்றுக்கு இராது. அளவறிந்து கொடுக்கத் தூய பொருள் வேண்டியிருந்தது.

1914 டிசம்பரில் ஒருநாள், ஆல்கஹால் கரைசலை ஆவியாக்கிக்கொண்டிருந்த கெண்டல் கண்ணயர்ந்துவிட்டார். (நம் ஆய்வுக்கூடத்தில் இப்படி உறங்கினால் என்ன கிடைக்கும் என்பது நண்பர்களுக்குத் தெரியும்!) விழித்தபோது ஆல்கஹால் முழுவதும் வற்றி, வெண்ணிறப் படிவு மட்டும் மிஞ்சியிருந்தது. அதைக்கொண்டு மேலும் முயன்று, கிறிஸ்துமஸ் நாளன்று படிகங்களைக் கண்டார். பின்னர் ஏறத்தாழ மூன்று டன் பன்றித் தைராய்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது வெறும் 33 கிராம். அதன் எடையில் சுமார் 65 விழுக்காடு அயோடின். மூலக்கூறில் மூன்று அயோடின் அணுக்கள் என்று அவர் கணித்தது தவறாயிற்று; நான்கு என்று 1926 இல் ஹாரிங்டன் நிறுவினார்.

மேயோ நிலையத்தில் பிளம்மர் முதலிய மருத்துவர்கள் இப்படிகத்தின் போக்கை ஆராய்ந்தனர். இன்றைய இரத்தப் பரிசோதனை அன்று இல்லை. நோயாளி உட்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தே அறிந்தனர். ஊசி போட்ட அன்று பலன் தெரிவதில்லை. நாள்கள் சென்று மெல்ல ஏறி, வாரக்கணக்கில் நீடித்தது. இரத்தத்தில் உள்ள தைராக்சின் பாதியாகக் குறையவே ஏழு நாள் ஆகும் என்பதை இன்று அறிவோம். ஆகவே, மாத்திரையின் அளவை மாற்றினால், அது இரத்தத்தில் நிலைகொள்ளவும், பிட்யூட்டரி சுரப்பி அதை உணர்ந்து டி.எஸ்.எச். அளவைச் சரிசெய்யவும் ஆறு வாரம் வேண்டும்.

இது தெரியாமல் நான் ஒரு பிழை செய்தேன். சென்ற ஆண்டு டாக்டர் அம்மாவுக்கு மாத்திரை அளவைக் கூட்டினார். பத்தாம் நாளே நான் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். அம்மாவின் இரண்டு நாள் கூலி அதற்குப் போயிற்று. எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. டி.எஸ்.எச். அதிகமாகவே இருப்பதைக் கண்டு, மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொல்லிவிட்டேன். கல்லூரிக்குப் போகும் மகள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். இரண்டு மாதத்தில் முகம் வீங்கி, நடவு வேலையில் நிற்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் டாக்டர் எனக்கு இந்த ஆறு வாரக் கணக்கை விளக்கினார்.

கெண்டல் பின்னாளில் அட்ரீனல் சுரப்பியை ஆராய்ந்து, கார்டிசோன் பணிக்காக 1950 இல் ஹென்ச், ரெய்க்ஸ்டைன் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். 1951 இல் மேயோ நிலையத்தினின்று ஓய்வு பெற்ற பின்னும் பிரின்ஸ்டனில் ஆராய்ச்சியைத் தொடர்ந்து, 1972 இல் மறைந்தார்.

மாத்திரை விழுங்கிய சில மணி நேரத்திற்கு இரத்தத்தில் தைராக்சின் சற்று ஏறி நிற்கும். அதனால் பரிசோதனை நாளில் மட்டும் அம்மா மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு வருவார். இரத்தம் கொடுத்த பிறகே விழுங்குவார். காப்பி அதற்கும் ஒரு மணி நேரம் கழித்துத்தான்.