நாளைக்கு என்று நின்றுபோன பயணம்

கஃப் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் மதீனாவின் கவிஞர்களில் ஒருவர். இரண்டாம் அகபா உடன்படிக்கையில் கலந்துகொண்டவர், உஹதில் போரிட்டவர். கோழை என்றோ சோம்பேறி என்றோ அவரைச் சொல்லிவிட முடியாது.

ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு. கடும் கோடை, பழங்கள் கனிந்து நிழல் இதமாயிருந்த காலம். தபூக் யுத்தத்துக்கு ஆயத்தமாகுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். வாகனம் கிடைக்காத ஏழைகள் சிலர் அழுதபடி திரும்பிப் போனார்கள். கஃப் (ரழி) அவர்களிடமோ இரண்டு ஒட்டகங்கள் இருந்தன; அவ்வளவு வசதி அவருக்கு முன்னர் ஒருபோதும் இருந்ததில்லை. போகவேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. காலையில் ஆயத்தம் செய்யக் கிளம்புவார், ஒன்றும் செய்யாமல் திரும்புவார். நினைத்தால் முடியும்தானே என்று மனம் சொல்லும். பரீட்சைக் காலத்தில் எந்த வீட்டிலும் கேட்கும் பேச்சுத்தான்!

படை புறப்பட்டது. ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தார். அதுவும் நடக்கவில்லை. பிறகு வெளியே இறங்கினால் நயவஞ்சகர் எனப் பெயரெடுத்தவர்களும் இயலாதவர்களுமே கண்ணில் பட்டார்கள். அது அவரை வாட்டியது.

நபியவர்கள் திரும்பி வந்ததும் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். சொல்வன்மை மிக்க கவிஞருக்கு ஒரு காரணம் கட்டுவதா கஷ்டம்? ஆனால் தமக்கு எந்தக் காரணமும் இல்லை என்றே அவர் சொன்னார். அல்லாஹ்வின் தீர்ப்பு வரும்வரை அவரோடும், அவரைப்போல் உண்மை சொன்ன முராரா (ரழி), ஹிலால் (ரழி) ஆகியோரோடும் யாரும் பேசக்கூடாது என்று கட்டளையாயிற்று. தோட்டத்துச் சுவரேறிப் போய் ஸலாம் சொன்னபோது, மிக நேசித்த உறவினர் அபூ கதாதா (ரழி) அவர்கள்கூட பதில் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து கஸ்ஸான் மன்னரிடமிருந்து கடிதம் வந்தது. எங்களிடம் வந்துவிடுங்கள், ஆதரவு தருகிறோம் என்பது அதன் சாரம். இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த இடம்தான். ஒரு பயணத்துக்கு எத்தனையோ நாளாக ஆயத்தமாக முடியாதவர், அந்தக் கடிதத்தை வாசித்ததும் அடுப்பிலே போட்டு எரித்துவிட்டார். நாளைக்கு யோசிப்போம் என்று எடுத்துவைக்கவில்லை.

நாற்பது நாளானபோது மனைவியையும் பிரிந்திருக்க நேர்ந்தது. ஐம்பதாம் நாள் சுபஹ் தொழுதுவிட்டு வீட்டு முகட்டில் இருந்தபோது, ஸல்உ மலையிலிருந்து நற்செய்தி கூறும் குரல் கேட்டது. அப்படியே ஸுஜூதில் விழுந்தார். செய்தி சொன்னவருக்கு உடுத்தியிருந்த உடைகளையே கழற்றிக் கொடுத்துவிட்டு, இரவல் உடையில் பள்ளிவாசலுக்குப் போனார். தல்ஹா (ரழி) அவர்கள் ஓடிவந்து கைகொடுத்தார்கள். மூவரின் தவ்பாவும் ஏற்கப்பட்ட செய்தி ஸூரத்துத் தவ்பாவில் இருக்கிறது.

முதுமையில் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. கைபிடித்து நடத்திச் சென்ற மகன் அப்துல்லாஹ்விடம் இவை எல்லாவற்றையும் அவரே சொன்னார், ஒன்றும் செய்யாமல் திரும்பிய அந்தக் காலைகளையும் மறைக்காமல்.