பாதி சிவப்பு, பாதி வெள்ளை: ஹெர்மன் முல்லரும் ஒரு ஈயின் கண்ணும்

வாழைப்பழம் ரொம்பக் கனிஞ்சு போனா எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, சிவப்புக் கண் வைத்த குட்டிப் பழ ஈ, அதை வைத்தே நோபல் பரிசு வாங்கியவர் ஹெர்மன் முல்லர். 1890-ல் நியூயார்க்கில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஈ ஆய்வகத்தில் தொழில் பழகினார். பிறகு டெக்சாஸில் ஈக்களுக்கு எக்ஸ்-ரே கொடுத்து, ஜீன்களில் மாற்றத்தை மனுஷனே உண்டாக்க முடியும் என்று 1927-ல் அறிவித்தார். பாடப்புத்தகம் இதோடு நிறுத்திவிடும். எனக்கு இதைவிடப் பிடித்தது 1930-ல் அவர் எழுதிய இன்னொரு சங்கதி.

எக்ஸ்-ரே பட்ட ஈக்களின் வாரிசுகளில் சிலதுக்குக் கண் திட்டுத்திட்டாக இருந்தது. கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. சங்கரநாராயணரைப் பார்த்து வளர்ந்த சங்கரன்கோவில்காரனுக்கு ஒரே உருவில் ரெண்டு பாதி புதுசில்லை. முல்லருக்கு அது புதிர். கண்ணின் எல்லா செல்லிலும் இருப்பது ஒரே ஜீன்தானே? அது கெட்டிருந்தால் கண் முழுக்க வெள்ளையாகியிருக்கணும். நடந்தது என்னவென்றால், குரோமோசோமில் ஒரு துண்டு உடைந்து, தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. சிவப்பு நிறத்துக்கான ஜீன், இறுக்கமாகச் சுருண்டு கிடக்கும் பகுதிக்குப் பக்கத்தில் போய் மாட்டியது. ஜீன் நல்லாத்தான் இருக்கு, அக்கம்பக்கம் சரியில்லை. ஆனால் அக்கம்பக்கம் எப்படி ஒரு ஜீனின் வாயை மூடும்?

இதைத் தேட அவருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 1932-ல் மன உளைச்சல் முற்றி உயிரை விடத் துணிந்தார், காப்பாற்றப்பட்டார். அதே வருஷம் பெர்லினுக்குப் போனார், அங்கே ஹிட்லர் வந்துவிட்டான். வாவிலோவ் அழைக்க, 1933-ல் சோவியத் யூனியனுக்குப் போனார், ஈக்களையும் எடுத்துக்கொண்டு. சோஷலிசத்தை நம்பிப் போனவர் அவர். அங்கே லைசென்கோ, ஜீன் என்பதே கட்டுக்கதை என்று மேடை போட்டுக்கொண்டிருந்தார். 1936 டிசம்பரில் மாஸ்கோ கூட்டத்தில் முல்லர் அவரை நேருக்கு நேர் எதிர்த்தார். டெக்சாஸில் முல்லரோடு வேலை பார்த்த லெவிட், அகோல் இருவரும் பிறகு சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வாவிலோவ் 1943-ல் சிறையில் இறந்தார். முல்லர் ஸ்பெயின் போருக்கு உதவப் போகிறேன் என்று சொல்லித்தான் 1937-ல் வெளியே வந்தார்.

அவரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். மேலான மனிதர்களை இனப்பெருக்கத்தால் உருவாக்கலாம் என்று ஸ்டாலினுக்கே 1936-ல் கடிதம் எழுதியவர். அந்த யோசனையைக் கடைசி வரை அவர் கைவிடவில்லை.

ஸ்பெயினிலிருந்து எடின்பரோ. அங்கே அவரிடம் ஆராய்ச்சி செய்த ராய்சவுத்ரி, கதிர்வீச்சை மெதுவாகக் கொடுத்தாலும் வேகமாகக் கொடுத்தாலும் மொத்த அளவு ஒன்றானால் ஈயில் ஏற்படும் சேதமும் ஒன்றே என்று காட்டினார். பின்னாளில் பனாரஸில் பழ ஈ ஆராய்ச்சியை வளர்த்தவரும் அவரே.

முல்லர் இன்னொன்றையும் கவனித்திருந்தார். ஆண் ஈக்கு ஒரு எக்ஸ் குரோமோசோம், பெண்ணுக்கு ரெண்டு, ஆனாலும் அதிலுள்ள ஜீன்களின் விளைவு ரெண்டிலும் சமமாகத்தான் தெரிகிறது. எப்படி? ஆணின் ஒற்றை எக்ஸ் இரட்டிப்பாக உழைக்கிறது என்பதை 1965-ல் நம்ம நாட்டு ஏ. எஸ். முகர்ஜியும் ஜெர்மனியின் பீர்மனும் காட்டினார்கள். முல்லர் அப்போது உயிரோடு இருந்தார்.

திட்டுக் கண்ணுக்கான விடை வந்தபோது அவர் இல்லை, 1967-ல் போய்விட்டார். தறிக்காரர்கள் தார் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க. அதுபோல டிஎன்ஏ நூல், ஹிஸ்டோன் என்ற புரதத்தில் சுற்றியிருக்கிறது. ஜெர்மனியில் குன்ட்டர் ராய்ட்டர் குழுவினர், திட்டுக் கண்ணை மறுபடி சிவப்பாக்கும் மரபு மாற்றங்களைத் தேடிப் பிடித்தார்கள். அவற்றில் ஒன்று சூவார் 3-9 என்ற ஜீன். அது உண்டாக்குவது ஒரு என்சைம் என்பது 2000-ல் தெரிந்தது. ஹிஸ்டோனில் குறிப்பிட்ட இடத்தில் மெத்தில் என்ற குட்டி ரசாயனக் குறியை ஒட்டுவது அதன் வேலை. அந்தக் குறியில் வேறொரு புரதம் வந்து உட்கார, சுற்று இறுகி ஜீன் அடங்கிவிடும். இறுக்கம் பக்கத்து ஜீனுக்கும் பரவும். எவ்வளவு தூரம் என்பது செல்லுக்கு செல் மாறும், அதனால்தான் திட்டு. ஆணின் எக்ஸில் நடப்பது நேர் எதிர்: மாஃப் என்ற என்சைம் அசிட்டில் குறியை ஒட்டிச் சுற்றைத் தளர்த்திவிடும்.

முல்லரின் திட்டுக் கண் ஈயின் வாரிசுகள் இன்றைக்கும் ஆய்வகக் குப்பிகளில் வளர்கின்றன.